சேவூரில் ஒரு படகு!

கடலுக்கும் சேவூருக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். யாதொரு சம்பந்தமும் கிடையாது. அவிநாசியிலிருந்து வடக்கே, புளியம்பட்டி போகும் சாலையில் ஏழெட்டுக் கிலோமீட்டர் பஸ்ஸில் போனால் சேவூர். சுற்றிலும் நிலக்கடலைக் காடு, சோளத்தட்டுப் போர், வேலியோரம் வேப்பமரம். மழை மனம் வைத்தால்தான் குளத்தில் தண்ணீர். இப்படிப்பட்ட ஊரில், ஒரு வீட்டுத் திண்ணையில், படகுப் படம் போட்ட பாட்டில் ஒன்றைப் பார்த்தேன் என்றால் நம்புவீர்களா? அந்தப் பாட்டிலின் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

நானும் நம் ஓவியரும் அதற்காகச் சேவூர் போகவில்லை. வாலீஸ்வரர் கோயிலைப் பார்க்கத்தான் போனோம். ராமாயணத்து வாலி வந்து வழிபட்ட தலம் என்பது ஐதீகம். அவிநாசியப்பரைத் தரிசிக்க வருகிறவர்களில் பலர் இவ்வளவு பக்கத்தில் இருக்கும் இவரைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் போனால் அந்தத் தவறைச் செய்யாதீர்கள். கருங்கல் மண்டபத்தின் குளிர்ச்சியில் அரை மணி உட்கார்ந்துவிட்டு வந்தால், பஸ்ஸில் இடிபட்ட களைப்பெல்லாம் போய்விடும்.

கோயிலை விட்டுக் கடைவீதிக்கு வந்தோம். சேவூர் நிலக்கடலை ஏலத்துக்குப் பேர் போன ஊர். சுற்று வட்டாரத்திலிருந்து மூட்டை மூட்டையாகக் கடலைக்காய் இங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு வரும். 1900-ம் வருஷம் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் என்ஜினைக் கடலை எண்ணெயிலேயே ஓட்டிக் காட்டினார்களாம். அதை நான் ஓவியரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சம்பவம் நடந்தது.

தெருமுனையிலிருந்து வெள்ளையாக ஒரு புகைமூட்டம் எங்களை நோக்கி வந்தது. ஓவியர் இருமினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "டர்... டர்... டுப்!" என்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால், முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை, நடுவில் ஒரு மொபெட், அதன் மேல் ஓர் அம்மாள்.

"ஏனுங்க, பயந்துட்டீங்களா? கொசு மருந்து அடிக்கிற வண்டி இல்லீங்க, நம்ம எக்ஸ்.எல். தானுங்க!" என்று அவரே சிரித்தார். ஆனால் சிரிப்பு முகத்தில் வெகு நேரம் நிற்கவில்லை. வண்டி நகரவில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்து, இரண்டு தெரு தள்ளி இருந்த அவர் வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனோம்.

திருப்பூர் வட்டாரத்தில் மொபெட் என்பது வண்டி மட்டுமல்ல. குடும்பத்தில் ஒரு நபர். 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. இருவர் ஏறிப் போகக்கூடிய மொபெட் நம் நாட்டில் அதுதான் முதல். கியர் மாற்றும் தொல்லை இல்லை, சேலையோடு ஏறலாம், மூட்டை கட்டலாம். சைக்கிளுக்கும் பஸ்ஸுக்கும் காத்திருந்த எத்தனையோ பெண்களுக்கு அது ஒரு சுதந்திரம். வெட்டிய துணியும் தைத்த பனியனும் கம்பெனிக்கும் வீட்டுக்குமாகப் போய்வர, இன்றைக்கும் அதன் வாரிசுகள்தான் வாகனம்.

வீட்டுத் திண்ணையில் நாலு பெண்கள் உட்கார்ந்து வெள்ளைப் பனியன்களில் நூல் பிசிர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் உள்ளே போய் ஒரு பனியனை எடுத்து வந்து விரித்துக் காட்டினார். மல்லிகைப் பூ மாதிரி வெள்ளை. ஆனால் ஓரத்தில், கடுகு தாளித்தது போல, பொடிப் பொடியாகக் கறுப்புப் புள்ளிகள்.

"முற்றத்துல வண்டிய ஸ்டார்ட் பண்ணி முறுக்குனனுங்க. சைலன்சர் துப்பிப்போடுச்சு. ஒரு கட்டு அப்படியே திரும்பி வந்துருச்சு. கூலியும் போச்சு. இன்னொரு தடவை கறையோட வந்துதுன்னா வேலையே இல்லைன்னு சொல்லிப்போட்டாங்க. இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள இந்த ரெண்டு மூட்டையும் அவிநாசி போய்ச் சேரோணும்."

அப்போது மணி இரண்டு. திண்ணைப் பெண்களின் கத்தரிகள் ஒரு கணம் நின்றுவிட்டு மறுபடி ஓடத் தொடங்கின. நாலு பேர் வீட்டு அடுப்பும் அந்த வண்டியின் சக்கரத்தில்தான் சுற்றுகிறது என்பது எங்களுக்குப் புரிந்தது.

அங்கேதான், திண்ணை மூலையில், அந்தப் பாட்டில் இருந்தது. நீலக் கடல், வெள்ளைப் படகு, படகின் பின்னால் ஒரு மோட்டார். பாதி காலி!

"இது என்ன அம்மா?" என்றேன்.

"கரி எடுக்கிற மருந்துங்க. மெக்கானிக் தம்பி குடுத்தது. பெட்ரோல்ல ஊத்தச் சொன்னான், ஊத்தியாச்சு. ஒண்ணும் கேக்கலீங்க."

"எவ்வளவு ஊற்றினீர்கள்?"

"அரைப் பாட்டில். மருந்துதானுங்களே, கூட ஊத்துனா சீக்கிரம் கேக்குமில்லீங்களா?"

மெக்கானிக் தம்பிக்கு ஆள் போயிற்று. வந்தவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பேச்சிலேயே தெற்கத்தி வாடை வீசியது. கன்னியாகுமரிப் பக்கத்துக் கடற்கரைக் கிராமம். வள்ளத்தில் போய்க்கொண்டிருந்தவர். பனியன் கம்பெனி வேலைக்கென்று வந்து, அது பிடிக்காமல், சேவூரில் சின்னதாக ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார்.

பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். தலையில் கை வைத்தார். "அக்கா, மூடியால அளந்து ஊத்தணும்னுல்லா சொன்னேன், கேட்டியளா?" என்றார். பிறகு, "லிட்டருக்கு ஆயில் எவ்வளவு ஊத்துறிய?" என்று கேட்டார்.

"அது கைக்கணக்குதான். வண்டிக்குக் குளிர்ச்சின்னு கொஞ்சம் கூடவே ஊத்துவேன்."

"அதான் வியாதி!" என்று சொல்லிவிட்டு, என்ஜின் ஆறியதும் ஸ்பானரை எடுத்தார் தம்பி.

சகோதரிகளே, இங்கே என்ஜினைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், சமையலறைக் கணக்குதான். நாலு ஸ்ட்ரோக் என்ஜினில் எண்ணெய் தனியே அடியில் கிடக்கும். இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினில் அப்படி இல்லை. பெட்ரோலும் காற்றும் முதலில் அடிப் பெட்டிக்குள் போய்த்தான் மேலே வரவேண்டும். ஆகவே உராய்வைத் தடுக்கும் எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்துவிடுகிறார்கள். அந்த எண்ணெய் தன் வேலையை முடித்துக்கொண்டு நெருப்புக்குள் போகிறது. ஆனால் பெட்ரோல் மாதிரி அது சுத்தமாக எரிவதில்லை. மிச்சம் நிற்பதுதான் கரி. தோசைக்கல்லின் விளிம்பில் எண்ணெய் நாளுக்கு நாள் தீய்ந்து, கடைசியில் கத்தி போட்டாலும் பெயராத ஏடாகப் படிகிறதே, அதே கதைதான்.

தம்பி சைலன்சரைக் கழற்றி, ஹெட்டைத் திறந்து, உள்ளே காட்டினார். பிஸ்டன் தலையில் அடுப்புக்கரி போல ஒரு படலம். புகை வெளியேறும் துவாரத்தைப் பார்த்தால், வாசற்படியில் மண்மேடு போட்டது போல, பாதி மூடியிருந்தது. உள்ளே இருக்கும் புகை போனால்தானே புதுக் காற்று வரமுடியும்? அது போகாததால் வண்டிக்கு மூச்சு முட்டுகிறது. மேடு ஏற மறுக்கிறது. எரியாத எண்ணெயைச் சைலன்சர் வழியே துப்புகிறது. இன்னும் ஒரு படி போனால், பிஸ்டனைச் சுற்றிய ரிங்குகள் அவற்றின் பள்ளத்திலேயே கரியோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் போர், பிஸ்டன் என்று பெரிய செலவு.

"அப்படியானால் இந்த மருந்து பொய்யா?" என்று ஓவியர் கேட்டார்.

"பொய் இல்லை சார். ஆனா அதுக்குன்னு ஒரு நேரம் உண்டு" என்றார் தம்பி. அவர் மூங்கில் சிம்பால் கரியைச் சுரண்டிக்கொண்டே சொன்னதையும், நான் அறிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இந்த மருந்துகள் சோப்பின் பங்காளிகள். சோப்பின் அணுத்திரளுக்கு ஒரு முனை அழுக்கைப் பிடிக்கும், மறு முனை தண்ணீரைப் பிடிக்கும் அல்லவா? இவற்றில் ஒரு முனை கரிப்பிசினைப் பிடிக்கிறது, மறு முனை பெட்ரோலோடு போகிறது. நல்ல மருந்துகளில் பாலிஈதர் அமீன் என்ற சரக்கு இருக்கும். அதிக உஷ்ணத்திலும் அது வேலை செய்யும். வேலை முடிந்ததும் தானே எரிந்துவிடும். நாள்தோறும் அளவாகக் கலந்து வந்தால் புதுக் கரி படிவது குறைகிறது, மெல்லிய படலம் இளகி எரிந்து போகிறது. ஆனால் வருஷக்கணக்கில் இறுகிப் பாதி வாசலை அடைத்துவிட்ட கரியை அது கரைத்துவிடாது. தீய்ந்த பாத்திரத்தைச் சோப்பு நீரில் காட்டினால் மட்டும் போதுமா? தேய்க்கத்தானே வேண்டும்! அதிலும் அரைப் பாட்டிலை ஒரேயடியாக ஊற்றினால் கலவையே கெட்டுப்போகிறது. இளகிய கட்டி ஒன்று பெயர்ந்து ரிங்குக்கும் துவாரத்துக்கும் இடையே சிக்கினால், மருந்தே விஷமாகிவிடும்.

"சரி, படகுப் படம் ஏன்?" என்று கேட்டேன்.

தம்பி சுரண்டுவதை நிறுத்தினார். "கடல்ல இது உயிர்ப் பிரச்னை சார்" என்றார்.

படகின் பின்புறம் தொங்கவிடும் மோட்டாரை அவுட்போர்டு என்கிறார்கள். படகில் ஓட்டை போட வேண்டாம். மாட்டினால் மோட்டார்ப் படகு, கழற்றினால் சாதாப் படகு. அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில், நார்வேயில் பிறந்த ஓலே எவின்ரூட் என்பவர் 1909-ல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஏரிக்கரை விருந்து ஒன்றில் பெஸ் என்ற பெண் ஐஸ்கிரீம் கேட்க, அதை வாங்கத் துடுப்புப் போட்டுப் போய்வருவதற்குள் எல்லாம் உருகிவிட்டதாம். அந்த வெயிலில்தான் அவருக்கு மோட்டார் யோசனை பிறந்தது என்று கதை சொல்வார்கள். கதை எப்படியோ, பெஸ் அவருக்கு மனைவியானார். தொழிலுக்குக் கடிதம் எழுதுவதும் விளம்பரம் எழுதுவதும் அந்த அம்மாள்தான். எவின்ரூட் மோட்டார்களின் உற்பத்தி 2020-ல் நின்றது. ஆனால் அவர்கள் தொடங்கிய பழக்கம் உலகத்துக் கரைகளிலெல்லாம் நிலைத்துவிட்டது.

நம் பக்கத்தில், கேரளக் கரையிலும் அதை ஒட்டிய கன்னியாகுமரிக் கரையிலும், 1980-களில் அவுட்போர்டுகள் பெருகின. பெரும்பாலும் இரண்டு ஸ்ட்ரோக். பெட்ரோலில் கிளப்பிவிட்டு, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவார்கள். மண்ணெண்ணெய்தானே ஏழைக்குக் கட்டும்? ஆனால் அது கனமான எண்ணெய். சரிவர எரியாது, பெட்ரோலை விட அதிகமாகக் கரி விடும். வலையை இழுத்துக்கொண்டு மெதுவாக ஓட்டினால் என்ஜினில் சூடும் போதாது. கரி இன்னும் படியும்.

"ஒரு நாள் ராத்திரி எஞ்சின் நின்னுபோச்சு. ரிங் ஒட்டிக்கிட்டு. கயிறை எத்தனை இழுத்தாலும் கிளம்பல. காத்து எங்கள வெளிக்கடலுக்குத் தள்ளிக்கிட்டே போச்சு. விடியக்காலம் இன்னொரு வள்ளம் கண்டு கட்டி இழுத்துச்சு. அம்மை கரையில நின்னுக்கிட்டே இருந்தாளாம். அன்னைக்கு அவ சொன்னா, 'இனி உனக்குக் கடல் வேண்டாம்'னு. வந்துட்டேன்."

திண்ணையில் யாரும் பேசவில்லை. அந்த அம்மாள் மட்டும் எழுந்து போய், தம்பிக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்தார். "குடி கண்ணு" என்றார்.

"எஞ்சின் நின்னா இங்க தள்ளிக்கிட்டுப் போகலாம் அக்கா. அங்க எங்க தள்ள?" என்று தம்பி சிரித்தார்.

அந்த ராத்திரிக்குப் பிறகுதான் அவர் கரியின் சாஸ்திரத்தைக் கற்றுக்கொண்டாராம். கரைக்கு வந்ததும் பிளக்கைக் கழற்றிச் சுத்தி செய்யும் திரவத்தை உள்ளே விட்டு, இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் திறந்த வெளியில் ஓட்டி எல்லாவற்றையும் புகையாகக் கக்கவிட்டு, புது பிளக் போடுவது. பிறகு கலவையில் அளவு மருந்து. இந்தப் பழக்கத்தையே அவர் சேவூருக்குக் கொண்டுவந்திருக்கிறார். பாட்டிலும் அங்கிருந்து வந்ததுதான்.

"அப்போ, படகு ஆயிலையே இதுக்கும் ஊத்தலாமா?" என்று அந்த அம்மாள் கேட்டார். நல்ல கேள்வி!

ஊற்றக்கூடாது. படகு மோட்டாரைக் கடல்நீர் சுற்றி ஓடிக் குளிர்விக்கிறது. அதற்கான எண்ணெயில் சாம்பல் தரும் உப்புகளைச் சேர்ப்பதில்லை, டப்பாவில் டி.சி.டபிள்யூ. 3 என்று அச்சிட்டிருக்கும். மொபெட் என்ஜினைக் குளிர்விப்பது வெறும் காற்று. ஆகவே அது அதிகச் சூடேறும். அதற்கு ஏற்ற எண்ணெயில் ஜாஸோ எஃப்.சி. அல்லது எஃப்.டி. என்ற குறி இருக்கும். ஒன்றின் எண்ணெய் மற்றதற்கு ஆகாது. கரி நீக்கும் மருந்து வேறு, எண்ணெய் வேறு. படம் ஒன்றாக இருக்கிறதே என்று ஏமாறக்கூடாது.

அளவுக்கு மீறிய எண்ணெய் வண்டிக்கு மட்டும் கெடுதல் அல்ல. எரியாத எண்ணெயும் பெட்ரோலுமாக வரும் அந்தப் புகையைத்தான் தெருவில் நம் குழந்தைகள் சுவாசிக்கிறார்கள். தலைநகர் டில்லியில், கைக்கணக்காக எண்ணெய் ஊற்றுவதைத் தடுக்கவே, 1998 இறுதியில் பெட்ரோல் பங்க்கிலேயே அளந்து கலந்து கொடுக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். பிறகு காலம் நாலு ஸ்ட்ரோக்குக்கு மாறியது. நம் மொபெட்டும் 2015-ல் எக்ஸ்.எல். 100 என்று நாலு ஸ்ட்ரோக்காக அவதாரம் எடுத்தது. ஆனாலும் பழைய வண்டியைத் தூக்கி எறிய எல்லோருக்கும் முடியுமா? ஓடுகிற வரைக்கும் ஒழுங்காக ஓட்டத்தானே வேண்டும்!

மணி நாலரை. பிஸ்டன் தலை வெள்ளி நாணயம் போலப் பளபளத்தது. இரும்பு ஸ்குரூ டிரைவரால் குத்தினால் அலுமினியம் கீறிவிடும், கீறல் விழுந்த இடத்தில் கரி முன்னிலும் வேகமாகப் படியும் என்பதால்தான் மூங்கில் சிம்பு. ரிங்குகள் தப்பித்திருந்தன. டாங்கில் இருந்த கெட்ட கலவையை இறக்கிவிட்டு, புதுப் பெட்ரோல் வந்தது. தம்பி ஒரு சிறு பிளாஸ்டிக் குவளையை எடுத்து, வண்டிப் புத்தகத்தில் கண்டபடி, லிட்டருக்கு 20 மில்லி, அதாவது 50-க்கு 1 என்று எண்ணெயை அளந்தார். மருந்தையும் பாட்டிலில் போட்ட அளவே, ஒரு துளி கூடாமல் விட்டார். ஒவ்வொரு வண்டிக்கும் அதன் புத்தகம் சொல்வதுதான் கணக்கு. பழைய வண்டிகள் சில 40 மில்லி வரைக்கும் கேட்கும். இந்த வேலைகளை அடுப்படிப் பக்கமோ விளக்குப் பக்கமோ வைத்துக்கொள்ளாதீர்கள். அளக்கும் குவளை மறுபடி சமையலறைக்குள் நுழையவும் கூடாது.

இந்தத் தடவை வண்டியை முற்றத்தில் கிளப்பவில்லை. சாலைக்குத் தள்ளிப்போய்க் கிளப்பினார்கள். முதல் ஐந்து நிமிஷம் மிச்சம் மீதி எல்லாம் புகைந்தது. பிறகு புகை மெலிந்து, சத்தம் ஒரே சீராக, தறி ஓடுவது போலக் கேட்டது. அந்த அம்மாள் காதைச் சாய்த்துக் கேட்டார். பிறந்த குழந்தையின் அழுகையைக் கேட்கும் தாயின் முகம் அது. திண்ணைப் பெண்கள் மூட்டைகளை ஒரு பழைய படுதாவில் சுற்றிக் கட்டினார்கள். கறை பட இனி வழியில்லை.

நாங்கள் அவிநாசி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். ஊரைத் தாண்டியதும், பின்னாலிருந்து ஒரு ஹாரன் சத்தம். முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை. பஸ்ஸை ஓரங்கட்டிக்கொண்டு எக்ஸ்.எல். போயிற்று. அந்த அம்மாள் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஹாண்டில்பாரில், திருஷ்டிக் கயிறு கட்டியிருந்த இடத்தில், அந்தச் சிறிய அளவுக் குவளை ஆடிக்கொண்டிருந்தது. பின்னால் புகைமேகம் இல்லை.

மணி ஐந்தரைதான் ஆகியிருந்தது.

ஓவியர் மடியில் நோட்டைப் பிரித்து ஏதோ வரைந்துகொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். வாலீஸ்வரர் கோபுரத்துக்கு முன்னால், கடலைக்காட்டு நடுவில், பாய் விரித்து ஒரு மொபெட் போய்க்கொண்டிருந்தது.

"இது என்ன ஐயா, சேவூரில் படகா?" என்றேன்.

"கரையேறிவிட்டதே, பார்க்கவில்லையா?" என்றார் அவர்.